வைவாவில் ஒருமுறை திரும்பி வந்த பிறகு: 8-வது இல்லினாய் குதிரைப்படை ப்ராஜெக்ட் அனுபவம்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. எம்.ஏ. வரலாறு, நான்காவது செமஸ்டர் ப்ராஜெக்டில் பாஸ். போன வருடமே முடிந்திருக்க வேண்டியது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "திருத்திச் சமர்ப்பிக்கவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் மற்றவர்கள் பட்டமளிப்பு விழாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் லைப்ரரியில் உட்கார்ந்து நாலாவது சாப்டரைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வலியும் இன்றைய நிம்மதியும் ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ப்ராஜெக்ட் எடுக்கும் ஜூனியர்களுக்காகத்தான் இது.

சாப்டர் பிரிப்பது, பக்கக் கணக்கு எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் தலைப்பு 8-வது இல்லினாய் குதிரைப்படை ரெஜிமென்டின் போர்க்காலப் பணி. "முழுப் போரை எழுதாதே, ஒரு ரெஜிமென்டைப் பிடித்துக்கொள்" என்றார் கைடு. நல்ல யோசனை. இந்த ரெஜிமென்ட் 1861 செப்டம்பர் 18 அன்று இல்லினாயின் செயின்ட் சார்ல்ஸ் ஊரில் அமைந்தது. அமைத்தவர் ஜான் ஃபார்ன்ஸ்வொர்த், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். அதனால் லிங்கனே இதை ஃபார்ன்ஸ்வொர்த்தின் பெரிய அடிமை ஒழிப்பு ரெஜிமென்ட் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். இந்த "சொல்வார்கள்" முக்கியம். லிங்கன் வாயில் வைக்கப்பட்ட எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல் இல்லாமல் எழுதாதீர்கள்.

இனி என் தவறு. இதை மட்டும் படித்தாலும் போதும்.

1863 ஜூலை 1, கெட்டிஸ்பர்க். வடக்குத் தரப்பு ஜெனரல் ஜான் பியூஃபோர்டின் குதிரைப்படை (என் ரெஜிமென்ட் இதில்தான்) ஊருக்கு மேற்கே மேட்டு வரிசைகளில் நிற்கிறது. சேம்பர்ஸ்பர்க் சாலை வழியாக ஹெத்தின் தென்னகக் காலாட்படை டிவிஷன் வருகிறது. காலை ஏழரை மணி வாக்கில் 8-வது இல்லினாயின் லெப்டினன்ட் மார்செல்லஸ் ஜோன்ஸ், பக்கத்தில் இருந்த சார்ஜென்ட் ஷேஃபரிடம் கார்பைனை (குதிரைவீரர்களின் குட்டைத் துப்பாக்கி) வாங்கி அந்தப் போரின் முதல் தோட்டாவைச் சுடுகிறார். இதை ஆசையாக ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அது ஷார்ப்ஸ் கார்பைன் என்றும் எழுதியிருந்தேன். நாலு பக்கம் தள்ளி, "ஏழு தோட்டா ஸ்பென்சர் கார்பைன்கள் இருந்ததால்தான் பியூஃபோர்டின் வீரர்களால் பெரிய படையைத் தடுக்க முடிந்தது" என்று ஒரு வரி.

வெளித்தேர்வாளர் இரண்டு பக்கங்களிலும் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இது ஒரே ரெஜிமென்ட்தானே அம்மா?"

என்னிடம் பதில் இல்லை. ஷார்ப்ஸில் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். பின்பக்கம் திறந்து போட வேண்டும். ஸ்பென்சரில் ஏழு தோட்டா வரிசையாக உள்ளே இருக்கும். கெட்டிஸ்பர்க் போரில் ஸ்பென்சர் வைத்திருந்தவர்கள் ஜெனரல் கஸ்டரின் பிரிகேடில் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பிரிவு) இருந்த மிச்சிகன்காரர்கள். அதுவும் ரைஃபிள்கள். அவர்கள் சண்டையிட்டது ஜூலை 3, ஊருக்குக் கிழக்கே. ஸ்பென்சர் கார்பைன் குதிரைப்படைக்கு வரத் தொடங்கியதே அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான். வேறு நாளில், வேறு இடத்தில், வேறு ஆட்கள் வைத்திருந்த துப்பாக்கியை என் ரெஜிமென்டின் கையில் கொடுத்துவிட்டேன். பல இடங்களில் அந்த வரியைப் படித்ததால் உண்மை என்று நம்பியிருந்தேன். பல பேர் திரும்பத் திரும்பச் சொல்லும் வரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, எப்படித் திருத்தினேன்?

ரெஜிமென்டுகள் காலாண்டுக்கு ஒருமுறை கையிருப்பு ஆயுதக் கணக்கு அனுப்ப வேண்டும். எந்தப் படையிடம் என்ன துப்பாக்கி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம் அமெரிக்க அரசே அச்சிட்ட போர்ப் பதிவுகளின் 128 தொகுப்புகள். கெட்டிஸ்பர்க்குக்கு முதல் வரிசையின் 27-வது தொகுதி. பியூஃபோர்டும் அவருக்குக் கீழ் என் ரெஜிமென்ட் இருந்த பிரிகேடின் தளபதி கேம்பிளும் எழுதிய அறிக்கைகள் அதில்தான் இருக்கின்றன. ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன்.

பிறகு என் கேள்வியே மாறியது. ஸ்பென்சர் இல்லையென்றால் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? என் ப்ராஜெக்டின் உயிரே இந்தப் பதில்தான், முதல் தடவை அது ப்ராஜெக்டில் இல்லை.

பியூஃபோர்டிடம் இரண்டு பிரிகேடுகள், மூவாயிரத்துக்கும் குறைவான ஆட்கள். கேம்பிளின் பிரிகேடில் 8-வது இல்லினாய், 12-வது இல்லினாய், 3-வது இந்தியானா, 8-வது நியூயார்க். குதிரையை விட்டு இறங்கித்தான் சண்டை. இறங்கினால் நாலு பேரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். 400 பேர் வந்தால் சுடுபவர்கள் 300. இந்தக் கணக்கை எழுதாமல் "இத்தனை வீரர்கள் போரிட்டனர்" என்று எழுதாதீர்கள். முன்காவலை மேற்கே வெகுதூரம் தள்ளி வைத்து, ஹெர் மேட்டில் கொஞ்சம், மெக்ஃபெர்சன் மேட்டில் கொஞ்சம் என்று படிப்படியாகப் பின்வாங்கினார்கள். எதிரி ஒவ்வொரு முறையும் அணிவகுப்பை விரித்து நிற்க வேண்டியதாயிற்று. சாலையில் நெடுவரிசையாக வரும் காலாட்படை அப்படி விரிவதற்கே நேரம் போய்விடும். பின்பக்கம் போடும் ஷார்ப்ஸை, முன்குழலில் மருந்து இடிக்கும் ரைஃபிளைவிட வேகமாக நிரப்பலாம், படுத்துக்கொண்டேயும் நிரப்பலாம். துணைக்கு கேலெஃப்பின் ஆறு பீரங்கிகள். வடக்கின் ஜெனரல் ரெனால்ட்ஸின் காலாட்படை பத்து மணி வாக்கில் வந்து சேரும்வரை தாங்கியது இப்படித்தான். அன்று 8-வது இல்லினாய் இழந்தது ஒரு உயிர். ஐந்து பேருக்குக் காயம், ஒருவரைக் காணவில்லை. இவ்வளவு குறைந்த எண்ணிக்கை எதைக் காட்டுகிறது என்று ஒரு பத்தி எழுதினேன்: செத்து மடிந்து தடுக்கவில்லை, நேரத்தை வாங்கினார்கள்.

முதல் வைவாவில் இன்னொரு கேள்வியிலும் மாட்டினேன். "கெட்டிஸ்பர்க் முடிந்து உங்கள் ரெஜிமென்ட் எங்கே போனது?" தலைப்பில் 1865 வரை என்று போட்டுவிட்டு 1863 ஜூலையோடு நிறுத்தியிருந்தேன். எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறோம். ஆகவே, ஒரு காலண்டர் தாளில் இப்படி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

– 1861 அக்டோபர்: வாஷிங்டன். குளிர்காலம் அலெக்ஸாண்ட்ரியா பக்கம்.
– 1862: வர்ஜீனியா தீபகற்பப் போர், செப்டம்பர் 17 ஆன்டியெட்டம், டிசம்பர் ஃப்ரெடரிக்ஸ்பர்க்.
– 1863 ஜூன் 9: பிராண்டி ஸ்டேஷன். பிரிகேட் தளபதி கிரைம்ஸ் டேவிஸ் அன்று இறந்தார்.
– 1863 ஜூன் 21: அப்பர்வில்.
– 1864: வாஷிங்டன் பாதுகாப்பு, தென்னகத் தளபதி மாஸ்பியின் கெரில்லாக்களைத் தேடுவது. ஜூலை 9 மொனோகசி சண்டையில் ரெஜிமென்டின் ஒரு பகுதி.
– 1865 ஏப்ரல்: லிங்கனைச் சுட்ட பூத்தைத் தேடிய படைகளில் இவர்களும்.
– 1865 ஜூலை 17: பணி முடிந்து கலைப்பு.

1864 சலிப்பாகத் தெரியும். தவிர்க்காதீர்கள். மொனோகசியில் அந்தப் பகுதிக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் டேவிட் கிளெண்டெனின், மறு வருடம் லிங்கன் கொலைச் சதி வழக்கை விசாரித்த ராணுவ ஆணையத்தில் உறுப்பினர். இந்த ஒரு ஆளை வைத்தே கடைசிச் சாப்டரை முடித்தேன்.

எனக்குக் கணக்கு பிடிக்கும், எங்கள் வீட்டில் மாடும் உண்டு. அதனால் தீவனப் பகுதியை நீளமாக எழுதினேன். ஒரு குதிரைக்கு நாள் ஒன்றுக்கு விதிப்படி 14 பவுண்டு உலர்ந்த புல், 12 பவுண்டு தானியம். ஏறக்குறைய 12 கிலோ. ஆயிரம் குதிரை என்றால் தினம் 12 டன். இத்தனையும் வண்டியில் வர வேண்டும். வராத நாளில் குதிரை மெலியும், மெலிந்த குதிரையோடு முன்காவல் போக முடியாது. வீரப் பாய்ச்சல் பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள், கொள்ளு மூட்டை பற்றி எழுதுங்கள். மார்க் விழும்.

இன்னொரு கணக்கு. இந்த ரெஜிமென்டில் சண்டையிலும் காயத்திலும் இறந்தவர்கள் 7 அதிகாரிகள், 68 வீரர்கள். நோயில் இறந்தவர்கள் 1 அதிகாரி, 174 வீரர்கள். மொத்தம் 250. பத்தில் ஏழு பேரைக் கொண்டுபோனது நோய். பியூஃபோர்டே 1863 டிசம்பரில் டைபாய்டில்தான் போனார். இந்த எண்களைத் தட்டச்சு செய்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

வைவாவுக்கு முந்தைய நாள்:

– புதிதாக எதுவும் படிக்க வேண்டாம்.
– ஒவ்வொரு வரிக்கும் "இது என் ரெஜிமென்டா, அந்தத் தேதியிலா?" என்று பென்சிலால் டிக் போடுங்கள். எனக்கு இதற்கு ஆறு மணி நேரம் ஆனது.
– இரண்டு ஃபார்ன்ஸ்வொர்த்தைக் குழப்பாதீர்கள். ஜான், ரெஜிமென்டை அமைத்தவர். எலன், அவர் அண்ணன் தம்பி வழி மகன், அதே ரெஜிமென்டில் கேப்டன். 1863 ஜூன் கடைசியில் பிரிகேடியர் ஆகி, ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில் இறந்தார்.
– வரைபடத்தைக் கையால் ஒருமுறை வரையுங்கள். மேற்கே ஹெர், நடுவில் மெக்ஃபெர்சன், ஊரை ஒட்டி செமினரி மேடு.

இரண்டாவது வைவாவுக்கும் அதே தேர்வாளர்தான் வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் கை நடுங்கியது. அவர் நாலாவது சாப்டரை மட்டும் திறந்தார். "முதல் தோட்டாவைச் சுட்டது யார்?" என்றார். ஜோன்ஸின் பெயரைச் சொன்னேன், 9-வது நியூயார்க் குதிரைப்படைக்காரர்களும் அந்த உரிமையைக் கோரினார்கள் என்பதையும், ஜோன்ஸ் தரப்பு 1886-ல் அந்த இடத்தில் கல் நட்டதையும் சொன்னேன்.

"எந்தத் துப்பாக்கியில்?"

"ஷார்ப்ஸ், சார். இரவல் வாங்கியது."

தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.