கோப்பை ஒன்று, சிப்பி முப்பது

அப்பாவின் கல்லறையில் பெயர் பொறித்த கல்லை யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. அதன் கீழே சிமெண்டில் கவிழ்த்துப் பதித்திருந்த கோப்பையைப் பற்றித்தான் கேட்பார்கள். பச்சைப் பூப்போட்ட தடித்த பீங்கான், கோப்பிக்கடைக் கோப்பை. அப்பா பேருந்து ஓட்டினார். முனையத்துக் கோப்பிக்கடையை மூடியபோது கடைக்கார அங்கிள் அதை அவரிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு வீட்டிலும் அதில்தான் கோப்பி ஓ கோசோங், பாலும் சீனியும் போடாத கோப்பி.

2008இல் சிங்கப்பூரின் சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். கல் பதித்த அன்று அம்மா கைப்பையிலிருந்து கோப்பையை எடுத்து, "தம்பி, இதையும் சேர்த்து வச்சிடுங்க" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலை செய்தவர் நிமிர்த்தி வைக்கப் போனார். அம்மா விடவில்லை. தண்ணீர் தேங்கும், கொசு வரும். டெங்கிக்குப் பயந்த ஊரில் வேறென்ன சொல்வார்!

அப்புறம் சிப்பிகள். அப்பா ஓய்வு நாளில் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுவார். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் பொறுக்கிய முப்பது சிப்பிகளை அம்மா ஓரமாக வரிசையாக ஒட்டினார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்களின் பழைய கிராமத்து இடுகாடுகளிலும் சிப்பி உண்டு என்று பின்னாளில் படித்தேன். இறந்தவர் கடைசியாகப் புழங்கிய தட்டு, கோப்பை, மருந்துப் புட்டி, கடிகாரம் எல்லாம் வைப்பார்களாம். வேண்டுமென்றே உடைத்து வைப்பதுண்டு, கவிழ்த்து வைப்பதும் உண்டு. இந்த வழக்கத்தின் வேர் காங்கோ பக்கம் இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அம்மாவிடம் சொன்னேன். "அங்கேயும் கொசுவா?" என்றார்.

ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும், கல்லறைத் திருநாளுக்கு, 172ஆம் எண் பேருந்தில் போவோம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய சாமந்தி, மெழுகுவத்தி, ஒரு பொட்டலத்தில் உப்பும் பொரியும். தலைக்கு மேல் தெங்கா விமானத் தளத்துப் போர் விமானம் பறந்தால் ஜெபம் பாதியில் நிற்கும். பக்கத்துக் கல்லறையில் ஒரு பொம்மை லாரி, மழையில் சாயம் போய். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை. சீனர் பகுதியில், அவர்கள் முன்னோர் கல்லறைக்கு வரும் சிங் மிங் சமயத்தில் வண்ணக் காகிதங்களுக்கு மேல் கூழாங்கல், சிகரெட், பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி. அப்பா பார்த்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பார்.

புக்கிட் பிரவுனுக்கும் ஒருமுறை போனேன். 1922இல் திறந்து 1973இல் மூடிய இடுகாடு, ஒரு லட்சம் கல்லறை இருக்கும். இப்போது லோர்னி நெடுஞ்சாலை நடுவே ஓடுகிறது. அதற்காக 3,700க்கு மேல் தோண்டினார்கள். சில சீனக் கல்லறைகளுக்குத் தலைப்பாகை கட்டிய சீக்கியர் சிலைகள் காவல். உயிரோடிருந்தபோது வாசலில் நின்ற காவல்காரரை, ஜாகாவை, அங்கேயும் நிற்க வைத்துவிட்டார்கள். கல்லறைகளில் பூப்போட்ட பழைய ஓடுகளும் பதித்திருக்கிறார்கள். அம்மாவின் கோப்பையைப் பற்றிய கூச்சம் அன்றைக்குத்தான் போனது.

ஆனால் சிங்கப்பூரில் கல்லறைக்கும் தவணை உண்டு: 15 ஆண்டு. 1998இல் வந்த விதி. அப்பாவின் முறை வந்தபோது விடியற்காலையில் போய் நின்றோம். தோண்ட வந்தவர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம். மற்றதையெல்லாம் உடைக்கும் முன், சிறிய உளியால் கோப்பையைச் சுற்றிக் கொத்தினார், அரைமணி நேரம் இருக்கும். கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா" என்று இரண்டையும் என்னிடம் நீட்டினார். உள்ளே, பதினைந்து வருடம் வெயில் படாத இடத்தில், கோப்பிக் கறை அப்படியே இருந்தது. அம்மா அதைத் தேய்த்துக் கழுவவில்லை, துண்டில் சுற்றிக்கொண்டார்.

எலும்பை எரித்துச் சாம்பலை மாடத்தில் வைத்தாயிற்று. முகப்பில் ஒரு படம், ஒரு பெயர், அவ்வளவுதான் இடம். வெளியே எதுவும் ஒட்டக் கூடாது என்று அறிவிப்பும் இருக்கிறது. கோப்பை இப்போது அம்மாவின் சமையலறை ஜன்னலில், நிமிர்ந்து, சிப்பிகளோடு. இருபத்தொன்பதுதான் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். போன வாரம் மாடத்தின் கீழ் ஓரத்தைத் தடவினேன். நகம் அளவு சிப்பி ஒன்று, இரட்டைப் பக்க டேப்பில், கெட்டியாகத்தான் ஒட்டியிருக்கிறது.