அவர் கேட்டார்

"எதை நம்பி நீங்கள் இப்படி இருக்கிறீர்கள், சிஸ்டர்?"

இரவு இரண்டு மணி தாண்டியிருந்தது. வார்டில் படுத்திருந்த அந்தப் பெரியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, காய்ந்த உதட்டை நனைத்துவிட்டு நிமிர்ந்தபோது கேட்டார். டிரிப் சொட்டும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே, "இது என் வேலைதானே, ஐயா. தூங்குங்கள்" என்றேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். மாதங்கள் கடந்த பிறகும் அந்தப் பதிலை விட்டு என்னால் நகர முடியவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பது அந்த வேலைக்குத்தான். நோயாளியிடம் மதம் பேசக்கூடாது என்பது வார்டின் விதி. அந்த விதியை நான் மனதார ஏற்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பணிக்கு வந்த புதிதில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் தலையில் கைவைத்து, கேட்காமலே சத்தமாக ஜெபித்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கையில் ஊசி, மறுகையில் இரத்த அழுத்தக் கருவி. என்னை விலக்க அவருக்குக் கை இல்லை. அதைச் சாட்சி, அதாவது என் விசுவாசத்தைப் பிறருக்கு அறிவிப்பது, என்று நினைத்துப் பெருமையோடு வீட்டுக்குப் போனேனே, அதை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் 2011 ஜூனில் சேர்ந்து கிறிஸ்தவ சாட்சி பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டன. பல விஷயங்களில் ஒத்துப்போகாத மூன்று தரப்பும் அதில் ஒத்துக்கொண்டவற்றில் ஒன்று: மனிதரின் வறுமையையும் இயலாமையையும் நற்செய்திக்கான வாய்ப்பாக்கிக்கொள்ளக் கூடாது. நோயாளிகளைப் பற்றியும் அது தனியே சொல்கிறது. படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. படுத்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசுபவள் எவ்வளவு பலசாலி என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பெரியவர் கேட்டாரே.

வேதாகமத்தில் பேதுருவின் முதல் நிருபம் 3:15 எனக்கு மனப்பாடம். நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. அதில் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்திலும், எத்தியோப்பிய மந்திரி தன் ரதத்தில் ஏறி உட்காரும்படி கேட்டுக்கொண்ட பிறகுதான் நற்செய்தியாளனான பிலிப்பு ஏறுகிறான். கேளாதவரைக் காப்பதற்காகப் போட்ட வேலியை, கேட்டவரிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேனோ? இதைத்தான் என்னை நானே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்.

எதற்குப் பயந்தேன்? மதம் மாற்றுகிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான். மனம் திரும்புவது என் கையில் இல்லை என்று நம்புகிறவள் நான். நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் வேறு, விளையச் செய்கிறவர் வேறு என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினான். சாட்சி என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மார்ட்டிஸ். நீதிமன்றச் சாட்சியைக் குறித்த சொல். விசுவாசத்துக்காக உயிர்விடும் இரத்தசாட்சி என்ற பொருள் பின்னால் அதில் ஏறியது. சாட்சி வழக்கறிஞரும் இல்லை, நீதிபதியும் இல்லை. கண்டதைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டியவன். யோவான் 9-இல் பார்வை பெற்றவனை, குணமாக்கிய இயேசு பாவி என்று சொல்லி மடக்கியபோது, அவர் பாவியா என்று எனக்குத் தெரியாது, குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்றான். நானும் "இயேசுவை நம்புகிறேன், ஐயா" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. அதில் எந்த விதி உடைந்திருக்கும்?

சில நாள் வேறு விதமாகவும் தோன்றுகிறது. அது கேள்வியே இல்லை, நன்றியை அப்படிச் சொன்னார். சாகக் கிடப்பவர் காதில் அந்தப் பெயர் நம்பிக்கையாக விழுமா, நிபந்தனையாக விழுமா? என் கையால் தண்ணீர் குடிக்கிறவர், என் சாமியையும் ஏற்றுக்கொண்டால்தான் மரியாதை என்று நினைத்துவிட்டால்? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதெல்லாம் அன்றிரவு என் நினைவில் இல்லை. பிறகு யோசித்துக் கண்டுபிடித்தவை. அன்று இருந்தது பதற்றம் மட்டும்தான்.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். "இரவு சிஸ்டர் வரவில்லையா என்று ஒருமுறை கேட்டார்" என்றாள் உடன் பணிபுரிபவள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்காகவும் இருக்கலாம்.

பார்த்ததையும் கேட்டதையும் நேரத்தோடு எழுதிவைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்றிரவு அவர் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருப்பது: 2.10, புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார், உதடு நனைக்கப்பட்டது, வலி இல்லை என்றார், அமைதியாக இருக்கிறார். அவர் கேட்ட கேள்வி அதில் இல்லை.