கிளட்ச் பிடிபட்டதும் கியர் பிடிபட்டது

வாகனப் பயிற்சியில் "கிளட்சை அமுக்கு, கியரைப் போடு, கிளட்சை விடு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியே செய்தால் கார் நகரும். ஆனால் ஏன் நகர்கிறது என்று தெரியாதவரை மேட்டில் கால் நடுங்கத்தான் செய்யும். எனக்கு அதைப் புரியவைத்தவர், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வுபெற்ற என் மாமா.

தோட்டத்து லயத்துக்குப் பின்னால் செம்மண் பாதை, அவருடைய பழைய கஞ்சில் கார். முதலில் சாவியையே தரவில்லை. "இங்க பாரு பாப்பா" என்று இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தினார். ஒரு கை என்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல், இன்னொரு கை கியர் பெட்டிக்குப் போகும் கிளட்ச் தட்டு. மிதியை அமுக்கினால் கைகள் பிரியும். என்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும். மெல்ல விட்டால் தட்டு உரசி உரசிப் பிடித்துக்கொள்ளும். சட்டென்று விட்டால், நிற்கிற சக்கரம் என்ஜினையும் நிறுத்திவிடும். "வண்டி செத்துப்போறது இதனாலதான்."

அப்புறம்தான் கியர். ஒன்றாம் கியரில் என்ஜின் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும். அதனால் இழுவை அதிகம், வேகம் குறைவு. மேலே போகப்போக இது தலைகீழாகும். கியரைத் தள்ளும்போது கையில் லேசாக ஒரு தடை தெரியும். உள்ளே சிங்க்ரோ வளையம் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் நேரம் அது. பொறுத்தால் தானாக உள்ளே விழும், முரட்டுத்தனமே தேவையில்லை. பல கார்களில் ரிவர்சுக்கு இந்த வளையம் கிடையாது. கார் முழுதாக நின்ற பிறகே போட வேண்டும்.

எந்த வேகத்தில் மாற்றுவது என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "காதால ஓட்டு" என்றார் மாமா. என்ஜின் அலறினால் மேல் கியர், முக்கி முனகினால் கீழ் கியர். இறக்கத்திலும் கீழ் கியர்தான்; என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. கேமரன் மலைச் சாலையில் இதன் அருமை தெரியும்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) நடத்தும் ஓட்டுநர் தேர்வில் எல்லாரும் பயப்படுவது புக்கிட்டுக்கு, அதாவது மேட்டுச் சோதனைக்கு. மேட்டில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும். ஆக்சலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து கிளட்சை மெதுவாக விட்டேன். என்ஜின் சத்தம் இறங்கியது, காரின் முன்பக்கம் லேசாக எழும்பியது. தட்டு பிடித்துவிட்டது! காலை அங்கேயே நிறுத்தி, கைபிரேக்கை விட்டேன். வண்டி முன்னால்தான் போனது. பார்க்கிங்கும் சாலை ஓட்டமும் சிக்கலில்லாமல் முடிந்தன.

தேர்வுக்குப் போகிற தங்கைகளே, டிஏ உரிமம் எடுத்தால் தானாகக் கியர் மாறும் ஆட்டோ கார் மட்டும்தான் ஓட்டலாம்; டி உரிமம் எடுத்தால் கிளட்ச் கார், ஆட்டோ கார் இரண்டும் ஓட்டலாம். முடிந்தால் டி எடுங்கள். மேட்டைப் பற்றிய பயத்தைக் கிளட்ச் பார்த்துக்கொள்ளும்.