ஒப்புகை வந்துவிட்டால் ஆர்டர் ஏற்கப்பட்டதாகுமா?

இரு நிறுவனங்கள் சேர்ந்து தொழில் செய்யத் தொடங்கும்போது விலை, கடன் தவணை, டெலிவரி நாள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். கணினி இணைப்பை மட்டும் "ஐடி ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் மாஸ்டர் டேட்டா, அதாவது பொருள், அளவு, குறியீட்டு எண் போன்ற அடிப்படைத் தகவல்கள். வாங்குபவர் 10 என்று அனுப்புவது பத்துப் பெட்டி. விற்பவரின் மென்பொருள் அதைப் பத்து உருப்படி என்று படித்துக்கொள்ளும். பெட்டிக்கு 12 என்றால் 120 போக வேண்டிய இடத்துக்கு 10 போய்ச் சேரும். பொருளை அடையாளம் காட்டும் 14 இலக்க ஜிடிஐஎன் எண்கள் உள்ள கோப்பை யாராவது எக்செலில் திறந்து சேமித்தால் முன்னாலுள்ள பூஜ்யம் காணாமல் போகும். மறுமுனையில் அப்படியொரு பொருளே இருக்காது.

அதைவிடச் சிக்கலானது ஒப்புகை, அதாவது அனுப்பியது கிடைத்தது என்று வரும் பதில். நிறுவனக் கணினிகள் ஆவணங்களைப் பரிமாறப் பயன்படும் எக்ஸ்12 முறையில் ஒவ்வொரு ஆவண வகைக்கும் ஓர் எண் உண்டு; 850 என்பது ஆர்டர். பதிலுக்கு வரும் 997, கோப்பு வந்து சேர்ந்தது, வடிவம் சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். சரக்கு தருகிறோமா இல்லையா என்பதை 855தான் சொல்லும். 997ஐப் பார்த்ததும் "ஆர்டர் உறுதி" என்று திரையில் காட்டும்படி மென்பொருளை அமைத்துவிட்டால், சரக்கு வராத அன்றுதான் இரு தரப்புக்கும் விஷயம் தெரியும். மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஏபிஐ வழியிலும் இதே தொல்லை உண்டு. குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் டைம்அவுட் ஆனால் ஆர்டர் பதிவானதா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. திரும்ப அனுப்பினால் இரண்டாகிவிடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுத்து, மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். பெறுபவர் அதைச் சரிபார்க்காவிட்டால் பயனில்லை.

எதிர்முனைக் கணினி யாருடையது என்று உறுதிப்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி இணைப்பு அறுவதும் வழக்கம்தான். இணைய இணைப்பைப் பாதுகாக்கும் பொது டிஎல்எஸ் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பித்துக் கூட்டாளிக்கு மின்னஞ்சலில் அனுப்பும் பழக்கம் அப்போது செல்லாது.

பெரிய நிறுவனங்கள் ஆர்டர்களை வெளியிடும் தங்கள் இணையதளமான போர்ட்டலைப் பெருமையாகச் சொல்வார்கள். சிறிய விற்பனையாளருக்கோ அது, ஆர்டரைப் பார்த்துத் தன் மென்பொருளில் மறுபடி தட்டச்சு செய்யும் வேலை. தட்டச்சுப் பிழையும் அவர் கணக்கில்தான் ஏறும். இதைத் திறன் என்பதைவிடச் சுமை மாற்றம் எனலாம்.

ஆகவே ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலேயே சிலவற்றை எழுதிவிடுவது நல்லது: சோதனைச் சூழல் தனியாக உண்டா, இரவில் கோப்பு நின்றால் எந்தப் பொறுப்பிலுள்ளவர் எத்தனை நிமிடத்துக்குள் பதில் தருவார், வடிவத்தை மாற்றுமுன் எத்தனை நாள் முன்னறிவிப்பு, பிரியும்போது தரவு எந்த வடிவில் திரும்பும்.