ஐ_லிங்க்கில் கேஷ் வைக்கப் போய் நான் பட்ட பாடு

எங்கள் வேலைக்கென்று லினக்ஸில் சொந்தமாக ஒரு ஃபைல் சிஸ்டம் மாட்யூல் வைத்திருக்கிறோம். அதில் சிம்லிங்க் (வேறொரு ஃபைலுக்கு வழிகாட்டும் குறுக்குவழி) காட்டும் பாதை டிஸ்க்கில் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். லிங்க் வழியாக யார் போனாலும் கெட்_லிங்க் என்ற ஃபங்ஷன் ஓடி, மெமரி ஒதுக்கி, டிகிரிப்ட் செய்து, பிறகு தூக்கிப் போடும். ஒருமுறை டிகிரிப்ட் செய்ததை ஐநோடின் (ஒரு ஃபைலின் விவரங்களைக் கர்னல் வைத்திருக்கும் இடம்) ஐ_லிங்க் என்ற பாயின்டரில் மாட்டிவிட்டால் கர்னல் அதையே எடுத்துக்கொள்ளும்; கெட்_லிங்க் பக்கமே வராது. இதை எழுத அரை நாள். அந்தப் பாதை ஸ்ட்ரிங்கின் மெமரியை எங்கே விடுவிப்பது என்பதற்கு மூன்று வாரம்.

முதலில், ஐநோடைக் கர்னல் வெளியேற்றும்போது ஓடும் எவிக்ட்_ஐநோடில் கேஃப்ரீ (மெமரியை விடுவிக்கும் ஃபங்ஷன்) போட்டேன். என் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. பேட்ச்சைப் பார்த்த சீனியர், "ஆர்சியூ வாக்கை யோசித்தீர்களா?" என்று ஒரே வரி எழுதிவிட்டு லீவில் போய்விட்டார். லாக் எடுக்காமல் பாதையைக் கடக்கும் கர்னலின் முறை அது. யோசித்ததாகத்தான் நினைப்பு. ஒரு பக்கம் லிங்க்கை உருவாக்கி அழிக்கும் லூப், மறுபக்கம் அதே லிங்க் வழியாக ஸ்டாட் அடிக்கும் லூப் என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசானின் ரிப்போர்ட் காத்திருந்தது: பாதையைக் கடக்கும் லிங்க்_பாத்_வாக் ஏற்கெனவே விடுவித்த மெமரியைப் படித்திருக்கிறது, விடுவித்தது என் எவிக்ட். 2015இல் வந்த லினக்ஸ் 4.2 முதல் சிம்லிங்க்கையும் லாக் இல்லாமல், ரெஃபரன்ஸ் எடுக்காமல் கடக்க முடியும். ஐநோடு எவிக்ட் ஆன பிறகும் இன்னொரு சிபியூ அந்த ஸ்ட்ரிங்கைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, ஃப்ரீ_ஐநோடுக்கு மாற்றினேன். ஆர்சியூ காத்திருப்பு (அப்படிப் படிப்பவர்கள் படித்து முடிக்கும்வரை காத்திருப்பது) முடிந்த பிறகுதான் கர்னல் அதைக் கூப்பிடும். அப்புறம் அன்மவுன்ட் செய்யும்போது கர்னல் விழ ஆரம்பித்தது, அதுவும் பெரிய டைரக்டரிகள் இருந்தால் மட்டும்! இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஐநோடில் ஐ_லிங்க் ஒரு யூனியனுக்குள் (ஒரே மெமரி இடத்தைப் பல ஃபீல்டுகள் பகிர்வது) இருக்கிறது. டைரக்டரிக்கு அதே இடத்தில் ஐ_டிர்_செக் என்ற எண்ணி. புதுப் பெயர் ஒன்றைத் தேடிச் சேர்க்கும்போதெல்லாம் அது இரண்டு கூடும். அந்த எண்ணைத்தான் பாயின்டர் என்று நினைத்து நான் கேஃப்ரீக்குக் கொடுத்திருக்கிறேன். 16 வரை கேஃப்ரீ கண்டுகொள்ளாது, அதனால் சின்ன டைரக்டரிகள் தப்பித்தன. இது சிம்லிங்க்தானா என்று பார்க்கும் எஸ்_ஐஎஸ்எல்என்கே சோதனை ஒன்று போட்டதும் தீர்ந்தது. இந்த ஒரு வரியை யாரும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு சிபியூ ஒரே நேரத்தில் டிகிரிப்ட் செய்தால் ஒருவருடைய ஸ்ட்ரிங் லீக் ஆகும். ஐ_லிங்க் காலியாக இருந்தால் மட்டும் மாட்டும் கம்ப்எக்ஸ்சேஞ்ச்_ரிலீஸால் மாட்டுங்கள், தோற்றவர் தன்னுடையதை டிலேய்ட் கால் (பயன்படுத்தி முடித்ததும் ஓடுவது) வழியாக விடுவிக்கட்டும். கெட்_லிங்க்குக்கு டென்ட்ரி (பெயரையும் ஐநோடையும் இணைப்பது) NULL ஆக, அதாவது காலியாக வந்தால், அது ஆர்சியூ வாக்; மெமரி ஒதுக்காமல் மைனஸ் ஈசைல்ட் (ரெஃபரன்ஸ் எடுக்கும் முறையில் மறுபடி வா என்ற பிழை எண்) திருப்பிவிட வேண்டும்.

கடைசி அசிங்கம் முழுக்க என்னுடையது. சாவி இல்லாதபோது காட்டும் குழப்பெழுத்துப் பெயரையும் கேஷில் வைத்துவிட்டேன். சாவி போட்ட பிறகும் எல்எஸ் அதையே காட்ட, டெஸ்ட் செய்தவர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறிவிட்டார். கர்னலின் ஃபைல் என்கிரிப்ஷன் பகுதியான எஃப்எஸ்கிரிப்ட் கோடில் இதற்கான எச்சரிக்கை கமென்ட்டாகவே இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன், படிக்கத்தான் இல்லை.

பேட்ச் போன வாரம் உள்ளே போனது. 4.19 ஓடும் பழைய மெஷின்களில் ஃப்ரீ_ஐநோடே கிடையாது, அது 5.2இல்தான் வந்தது. அங்கே டெஸ்ட்ராய்_ஐநோடில் கால்_ஆர்சியூவை (ஆர்சியூ காத்திருப்பு முடிந்ததும் விடுவிக்கச் சொல்வது) நாமே போட வேண்டும். இப்போதைக்கு அவற்றில் கேஷை ஆஃப் செய்து வைத்திருக்கிறேன்.