எனக்கு முன்னே ரோமுக்கு வந்தவர்

ரோமுக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு நவம்பர் மாதம். நாகர்கோவிலில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, இங்கே மொன்தெவெர்தே பகுதியில் 84 வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். இந்த வேலைக்கு இங்கே பதாந்தே என்று பெயர். என் நர்ஸிங் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை கைக்குக் கிடைத்தது இதுதான். பெரியவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். உயர்நிலைப் பள்ளி வாத்தியாரையும் இங்கே ‘புரொஃபசோரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரும் என்னிடம் ‘லேய்’ போட்டுத்தான் பேசினார். நம் ‘நீங்கள்’ மாதிரி மரியாதைச் சொல் அது. வேலைக்கு வந்தவளை முதல் நாளே அப்படி அழைத்தது மனசுக்கு இதமாக இருந்தது.

அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் இருக்கிற நாற்காலி தெரியும், எதிரே இருக்கிற முகம் தெரியாது. எழுத்து சுத்தமாகத் தெரியாது. இரண்டாவது வாரம், ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அட்டை தொட்டால் பொடி உதிர்ந்தது. “வாசியுங்கள்” என்றார். மாத்திரை, வலி, சோறு, குளியல் இந்தச் சொற்களைத் தாண்டி எனக்கு அப்போது இத்தாலியன் தெரியாது. ஆனால் இந்த மொழியில் ஒரு வசதி: எழுத்தின் ஒலி பிடிபட்டுவிட்டால் பொருள் தெரியாமலே வாசித்துவிடலாம். அப்படித்தான் தொடங்கினேன். தினமும் மாலை நாலரைக்கு, மொக்கா என்ற காப்பிப் பாத்திரத்தில் காப்பி பொங்கி வந்ததும், ஒரு மணி நேரம். நான் வாசிப்பேன், அவர் கையை உயர்த்தி நிறுத்துவார், உச்சரிப்பைத் திருத்துவார், பொருளைச் சின்னச் சின்ன வார்த்தையில் சொல்வார்.

அந்தப் புத்தகம், ஃபெர்டினாண்ட் கிரெகோரோவியஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய ‘மத்திய கால ரோம் நகர வரலாறு’. ஜெர்மன் மூலம் 1859 முதல் 1872 வரை எட்டுத் தொகுதிகளாக வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கி பதினாறாம் நூற்றாண்டு வரை போகிறது. பெயர்தான் நகர வரலாறு. போப்புகளை விட்டுவிட்டு இந்த ஊரின் கதையை யாராலும் சொல்ல முடியாது என்பதால், ஆயிரத்துச் சொச்சம் வருஷப் போப்புகளின் கதையும் அதில் இருக்கிறது.

இதை எழுதியவரும் என்னைப் போல வேறு மண்ணிலிருந்து வந்தவர் என்று தெரிந்த பிறகுதான் புத்தகத்தின் மேல் எனக்குப் பாசம் வந்தது. 1821இல் கிழக்குப் பிரஷ்யாவில் நைடன்பூர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது. சிறு வயது அங்கிருந்த பழைய கோட்டையில் கழிந்தது. கோனிக்ஸ்பெர்க்கில் இறையியலும் தத்துவமும் படித்தார், போதகராகவில்லை. 1852 அக்டோபரில் ரோமுக்கு வந்தபோது வயது 31. கையில் காசு குறைவு. ஜெர்மன் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி அனுப்பித்தான் வயிற்றைக் கழுவினார். அப்படி வந்தவர் இருபத்திரண்டு வருஷம் இங்கேயே இருந்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, 1854 அக்டோபரில், திபேர் ஆற்றின் நடுவே இருக்கும் தீவுக்குப் போகிற பாலத்தில் நின்று ஊரைப் பார்த்தபோதுதான் இந்த வரலாற்றை எழுதும் எண்ணம் வந்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்ட அடுத்த வியாழக்கிழமையே நான் கிளம்பிவிட்டேன். எங்களைப் போன்ற பதாந்தேக்களுக்கு வியாழன் மதியமும் ஞாயிறும் விடுமுறை. எட்டாம் எண் டிராமில் த்ராஸ்தேவெரே வந்து இறங்கி, ஆற்றோரமாக நடந்தால் தீவு வந்துவிடும். தீவைக் கடந்து அந்தப் பக்கம் இருப்பது ஃபாப்ரிச்சியோ பாலம். கி.மு. 62இல் கட்டியது, இன்றும் ஜனங்கள் நடந்து போகிறார்கள். கைப்பிடிச் சுவரில் நான்கு முகம் கொண்ட கல் தூண்கள் இரண்டு உண்டு. முகங்கள் தேய்ந்து, மூக்கும் வாயும் கலந்துபோயிருந்தன. ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் நான் போனதெல்லாம் மருந்துக்கடை, தபாலாபீஸ், எஸ்குவிலீனோ சந்தை. வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் கிடைக்கும் சந்தை அது. வேலையில்லாமல், சும்மா பார்ப்பதற்காக ஒரு இடத்துக்குப் போனது அன்றுதான்.

தீவில் புனித பர்த்தலோமேயு கோயில் இருக்கிறது. உள்ளே பீடத்துப் படியிலேயே ஒரு கிணறு, சுற்றிலும் உருவம் செதுக்கிய பளிங்குக் கல். இந்தக் கோயிலைக் கட்டியது ஜெர்மானியச் சக்கரவர்த்தி மூன்றாம் ஓட்டோ. 996இல் தன் உறவுக்காரரையே ஐந்தாம் கிரெகோரியாகப் போப் ஆக்கினார். ஜெர்மானியர் ஒருவர் போப் ஆனது அதுவே முதல் முறை. ரோமிலேயே இருந்து ஆள வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊர்க்காரர்கள் 1001இல் கிளர்ந்து எழுந்து அவரை விரட்டினார்கள். அடுத்த வருஷம் இறந்தபோது வயது 21. “பையன்!” என்றார் புரொஃபசோரே, பக்கத்து வீட்டில் நடந்த சாவைப் போல.

பெர்மெஸ்ஸோ கதையையும் சொல்லிவிடுகிறேன். தங்கும் அனுமதி அட்டையை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். தபாலாபீஸில் கட்டுப் படிவம் கொடுத்து, 16 யூரோ முத்திரை ஒட்டி, ரசீதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கைரேகைக்கு அழைத்த நாளில், பாஸ்போர்ட் நகலில் ஒரு பக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் கொடுத்திருந்தேன், அவர்கள் கையில்தான் தொலைந்தது. அட்டை வர பதினொரு மாதம் ஆனது. அதுவரை ஊருக்குப் போக மனசு துணியவில்லை. அந்த இடைவெளியில்தான் என் பாட்டி இறந்தார். அன்று மாலையும் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புரொஃபசோரே வாசிக்கச் சொல்லவில்லை. கிரெகோரோவியஸ் ஏறி இறங்கிய வாசல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். போப்பின் ஆட்சியில் இருந்த ஊரில் அவர் ஒரு புராட்டஸ்டண்ட். வத்திக்கான் ஆவணக் காப்பகம் அவருக்குத் திறக்கவில்லை. மடத்து நூலகங்கள், பிரபுக் குடும்பங்களின் காகிதக் கட்டுகள் என்று தேடிப் போனார். மோந்தே காசினோ, பெருஜா, ஓர்வியேத்தோ வரைக்கும் போனார். ஆவணங்களைச் சல்லடை போடப் பயின்ற பேராசிரியர்கள் அவரைப் பாதி எழுத்தாளர் என்றுதான் பார்த்தார்கள். எனக்கோ அதுதான் அவர் பலம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு கல்லையும் நடந்து போய்ப் பார்த்தவரின் எழுத்து அது.

1874இல் திருச்சபை அந்த நூலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் அவர் ரோமை விட்டு மியூனிக் போய்விட்டார். 1876இல் ரோம் நகரம் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது. 1891இல் மியூனிக்கில் இறந்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் நான்காம் தொகுதிக்கு வந்திருந்தோம். ஏழாம் கிரெகோரியின் காலம். 1077இல் கனோஸாக் கோட்டை வாசலில் ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றியைப் பனியில் காக்கவைத்த போப் இவர். 1084இல் ஹென்றியின் படை ஊருக்குள் வந்துவிட்டது. இவரை மீட்கத் தெற்கு இத்தாலியிலிருந்து வந்த நார்மானியர்கள் ரோமைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். அதன் பிறகு அவரால் இங்கே இருக்க முடியவில்லை. அவர்களோடு கிளம்பிப்போய், 1085 மே 25இல் சலேர்னோவில் இறந்தார். கடைசியாகச் சொன்னதாக ஒரு வாக்கியம் வழங்குகிறது. அதைப் பாதி வாசிக்கும்போதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. சங்கீதம் 45! ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது: “நீர் நீதியை விரும்பி, அக்கிரமத்தை வெறுக்கிறீர்; ஆதலால்...” ஆதலால் தேவன் ஆனந்த தைலத்தால் அபிஷேகம் பண்ணினார் என்று அது முடியும். கிரெகோரியோ, “ஆதலால் அந்நிய மண்ணில் சாகிறேன்” என்று முடித்துவிட்டார்.

பாட்டி ஞாபகம் வந்து குரல் அடைத்தது. பாவம் அந்த மனுஷன் என்றேன். “பாவமா?” புரொஃபசோரே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர் எரிந்தது யாரால்? வீடு போனவர்கள், அடிமையாகப் பிடிபட்டுப் போனவர்கள், அவர்கள் வாக்கியத்தை எழுதிவைத்தது யார்? கிரெகோரோவியஸும் அதை அந்தப் போப்பின் மேல் படிந்த கறை என்றுதானே எழுதுகிறார்? சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஊரை விட்டு வெளியே சாவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இந்தத் தெருவிலேயே பிறந்தவர் என்றேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை. சொல் கிடைக்காத இடத்தில் கையால் சொன்னேன். எட்டு மணி மாத்திரையை அன்று எட்டே காலுக்குத்தான் கொடுத்தேன். தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே அவர், “நாளைக்கு அந்தப் பக்கத்தை மறுபடி வாசியுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா பார்ப்போம்” என்றார்.