மெடல் ஒரு பக்கம், டிஸ்சார்ஜ் புக் ஒரு பக்கம்

மதராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருஷம் முடித்து, ஹவில்தாராக 2020-ல் வீட்டுக்கு வந்தவன் நான். வேலூர் மாவட்டம். எங்கள் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அந்த அளவுக்கு வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். பென்ஷன் வருபவரை பஸ் ஸ்டாண்டிலேயே மாலை போட்டு, மேளம் அடித்துக் கூட்டிப்போவது வழக்கம். நான் வந்தது கொரோனா சமயம். மாஸ்க் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குள் போய்விட்டேன்.

ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தபோது காஷ்மீரில் குப்வாரா பக்கம் நடந்த ஒரு மோதலுக்காக எனக்கு சேனா மெடல் கிடைத்தது. அந்தக் கதையை இங்கே சொல்லப் போவதில்லை. ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தும்போது சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. சொல்ல வந்தது காகிதம் பற்றி. இப்போது வீட்டுக்கு வரப்போகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

சேனா மெடலை இரண்டு காரணங்களுக்காகக் கொடுக்கிறார்கள்: வீரச்செயலுக்கு ஒன்று, சிறப்பான பணிக்கு ஒன்று. நெஞ்சில் குத்திக்கொண்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மாதப்படி வீரச்செயலுக்கு வாங்கியவர்களுக்கு மட்டும்தான். 2017 ஆகஸ்ட் முதல் அது மாதம் 2,000 ரூபாய். அதனால் மெடலைக் கொண்டுபோய்க் காட்டி எந்தப் பயனும் இல்லை. எதற்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லும் கெஜட் அறிவிப்பின் நகலும், அது பதிவான பார்ட் டூ ஆர்டரும் (நம் சர்வீஸ் ரெக்கார்டில் ஒன்றைச் சேர்க்கவோ மாற்றவோ போடும் ராணுவ ஆணை) கையில் இருக்க வேண்டும். நான் எங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கும் வெலிங்டனிலேயே இரண்டையும் வாங்கி லேமினேட் செய்துவிட்டேன். பென்ஷன் சிலிப்பில் அந்தப் படி தனி வரியாக வருகிறதா என்று மாதாமாதம் பார்ப்பேன். வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வேலை வைத்தது வேறு விஷயம்.

முதலில் வங்கி வழியாக வந்துகொண்டிருந்த பென்ஷன், பிறகு ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளத்துக்கு மாறியது. மாறும்போது நம் விவரங்களை நாமே பார்த்துச் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மகன் லேப்டாப்பில் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தான். என் பெயர் சரி, சர்வீஸ் நம்பர் சரி, ரேங்க் சரி. மனைவி பெயர் என்ற இடத்தில் ‘செல்வி’ என்று இருந்தது. ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’. கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டில் இருந்தபடி பட்டாளத்தில் எழுதினார்கள். ஆதார் எடுக்கும்போது பள்ளிச் சான்றிதழில் இருந்தபடி எழுதினார்கள். இரண்டும் அவள்தான். வீட்டில் நாங்கள் கூப்பிடுவது இரண்டும் இல்லை, அது தனிக் கதை.

“இதுக்கு எதுக்குப்பா அலையணும், உங்க பென்ஷன்தான் வருதே?” என்றான் மகன். வரும், நான் இருக்கும்வரை வரும். எனக்குப் பிறகு குடும்ப பென்ஷன் அவளுக்குப் போக வேண்டும், மெடலுக்கான படியும் அவளுக்குத்தான் போகும். அப்போது செல்வியும் தமிழ்ச்செல்வியும் ஒருத்திதான் என்று நிரூபிக்க நான் இருக்க மாட்டேன். துக்க வீட்டில் இருக்கிற ஒரு பெண், நோட்டரியைத் தேடி அலைவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவியாளரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்தான். ஃபைலைத் திறந்ததும் மெடல் சான்றிதழைப் பார்த்து எழுந்து நின்று கை கொடுத்தார். பிறகு உட்கார்ந்து, “சார், இதை உள்ள வைங்க. டிஸ்சார்ஜ் புக்கை எடுங்க” என்றார். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும், நம் சர்வீஸ் விவரம் எழுதிய புத்தகம் அது. அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவர் சொன்னபடியே சேர்த்தேன்: விண்ணப்பம், இரண்டு பெயரும் ஒருவரே என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கொடுத்த பிரமாணப் பத்திரம், கல்யாணப் பதிவுச் சான்று, அவளுடைய ஆதார், பள்ளிச் சான்றிதழ், ஜாயின்ட் போட்டோ, டிஸ்சார்ஜ் புக் நகல். எல்லாம் அந்த அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போனது. அங்கே பார்ட் டூ ஆர்டர் போட்டு, பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்ப, அங்கிருந்து திருத்திய பிபிஓ (பென்ஷன் வழங்கச் சொல்லும் ஆணை) வர வேண்டும். காரிஜெண்டம் பிபிஓ என்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். ரிஜிஸ்டர் தபால் ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் போட்டால் முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிடுங்கள். சர்வீஸில் இருக்கும்போதே கம்பெனி ஆபீசில் சொல்லியிருந்தால், ஆள் எதிரிலேயே நிற்பதால் வேலை லேசாக முடியும். இன்னும் யூனிபார்மில் இருக்கும் தம்பிகள் லீவில் வரும்போது வீட்டில் எல்லார் ஆதாரையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

காத்திருந்த நேரத்தில் வேலையும் தேடினேன். மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு நம் வயதிலிருந்து சர்வீஸ் வருஷத்தைக் கழித்து, மேலும் 3 வருஷம் கழிப்பார்கள். எனக்கு அப்போது 43. இருபத்து நான்கும் மூன்றும் போனால் 16. கணக்குப்படி பத்தாம் வகுப்பு முடித்த பையன்! பரீட்சை மட்டும் அந்த வயதுக்காரனைப் போல எழுத வரவில்லை. இன்னொன்று: முன்னாள் படைவீரர் இட ஒதுக்கீட்டில் ஒருமுறை அரசு சிவில் வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது, சேர்வதற்கு முன்பு எங்கெல்லாம் விண்ணப்பித்திருந்தோம் என்று சேர்ந்தவுடனே எழுதிக் கொடுத்தால்தான் அவற்றுக்குச் செல்லும். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அங்கே மெடல் பற்றி யாருக்கும் தெரியாது. ரோல்கால் சரியாக எடுக்கிறேன் என்று மட்டும் தெரியும், அது போதும்.

திருத்திய பிபிஓ வந்துவிட்டது. ஸ்பர்ஷில் இப்போது முழுப் பெயர் இருக்கிறது. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, லாகின் செய்வது எப்படி, பாஸ்வேர்ட் எந்த நோட்டில் இருக்கிறது என்று காட்டிவிட்டேன். “எனக்கு எதுக்கு இதெல்லாம்” என்றாள். எழுதிக்கொண்டாள்.

மகன் பிறந்த தேதி மட்டும் ரெக்கார்டில் இன்னும் ஒரு நாள் தள்ளி இருக்கிறது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டில் மகனுக்கு 25 வயது வரைதான் வைத்தியம் என்பதால் அதையும் விட முடியாது. அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.